கர்சீப் போட்ட பெஞ்சு

ஊரப்பாக்கம் துர்காவுக்கு யோசிக்க வாய் வேண்டும். உனக்கு மூளை வாயில்தான் இருக்கிறது என்று நான் பலமுறை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் கோபப்படாமல், "ஆமாக்கா, அங்கதான் கீது" என்று ஒப்புக்கொள்வாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு யோசிக்கக் காபி வேண்டும். என் வீட்டுக்காரர் கோபுவுக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். துர்காவுக்கு வாய் வேண்டும், எதிரில் ஒரு காது வேண்டும், அந்தக் காதுக்குச் சொந்தக்காரி சும்மா கேட்டுக்கொண்டிராமல் திருப்பி வம்புக்கு வரவும் வேண்டும். அப்போதுதான் அவளுக்குக் கணக்கு வரும்.

வம்புக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம் எதிரெதிரான இருக்கைகள் எங்களுடையவை. ரயில்வே எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. துர்கா பிடித்துக் கொடுத்தாள். ஊரப்பாக்கத்தில் ஏறியதும் தான் ஓர் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கர்சீப், எதிரில் ஒரு டிஃபன் பை, அதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் என்று போட்டுவிடுவாள். கர்சீப் பெருங்களத்தூரில் ஏறும் அருள்மேரிக்கு. டிஃபன் பை தாம்பரத்தில் ஏறும் லோகநாயகிக்கு. பாட்டில் சானடோரியத்தில் ஏறும் எனக்கு. தாம்பரம் வந்தால் பெட்டியில் மூச்சுவிட இடமிருக்காது. இருந்தாலும் கர்சீப் போட்ட இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முறைப்பார்கள், முணுமுணுப்பார்கள், "ஆள் வராங்களா?" என்று கேட்பார்கள். "வராங்க" என்று துர்கா சொல்லிவிட்டால் வந்தாகிவிட்டது என்றுதான் கணக்கு. அந்தப் பெட்டியில் சட்டம் அப்படி.

நான் காந்தா. சிட்லபாக்கத்தில் வீடு, எழும்பூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, படித்தது பி.எஸ்ஸி. கணிதம். எனக்கு விடை முதலில் வரும், வழி பிறகு வரும். பொறுமை கிடையாது. அருள்மேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் இரண்டு முறை படிக்காமல் மாத்திரையைக் கையில் எடுக்காதவள். லோகநாயகி ஓர் அலுவலக கேன்டீனில் சமையல். அவளுக்கு உலகத்தில் எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. சாம்பாரை ருசி பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

துர்கா ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். அங்கே வேலை பார்த்த அவள் கணவர் திடீரென்று இறந்துபோனதால் அவளுக்குக் கிடைத்த வேலை. அதிகாரி அறைக்கு வெளியே அவளுக்கு ஒரு ஸ்டூல். உள்ளே மணி அடித்தால் எழ வேண்டும். கோப்பை எடுத்துப் போக வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், வந்து உட்காருவதற்குள் மறுபடி மணி அடிக்கும். "தூக்கத்துல கூட மணி சத்தம் கேக்குதுக்கா. எழுந்து நின்னுகினு இருக்கேன். என் பொண்ணு சுப்ரஜா பார்த்துட்டு அழுவுது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரு நாற்காலி. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமான நாற்காலி. அலுவலகத்தின் பதிவறை எழுத்தர் ஓய்வு பெறப்போகிறார். பத்தாவது தேறியிருந்தால் அந்த இடம் துர்காவுக்கு. மேசை, மேசைக்குப் பின்னால் முதுகு சாய்கிற நாற்காலி. தேறாவிட்டால் பட்டியலில் அவளுக்கு அடுத்து நிற்கும் குமரேசனுக்குப் போய்விடும்; அவன் பிளஸ் டூ. துர்கா தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு முறை அவளை ஊதித் தள்ளியது. அந்த எழுத்தர் கிளம்புவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி.

வேடிக்கை என்னவென்றால், ரயிலில் அவளுக்கு எல்லாக் கணக்கும் வந்தது.

முதல் கணக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு தொட்டி, ஒரு குழாய் அதை நிரப்புகிறது, அடியில் ஒரு ஓட்டை அதைக் காலி செய்கிறது, எப்போது நிரம்பும் என்பது கேள்வி. துர்கா உரக்கப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் போட்டாள்.

"அக்கா, ஓட்டை கீதுன்னு தெரியுது. தெரிஞ்சும் இன்னாத்துக்குத் தண்ணி உடறான்?"

"அது கணக்கு, துர்கா. அப்படியே எடுத்துக்கணும்" என்றேன்.

"எப்படிக்கா எடுத்துக்கறது? எங்க தெருவுல லாரித் தண்ணிக்கு நாங்க படற பாடு..."

"மொதல்ல எம்சீல் வாங்கி ஓட்டைய அடைக்கச் சொல்லு. அப்பால ரொம்பும்" என்று லோகநாயகி தீர்ப்பு சொன்னாள். பெட்டியில் பாதிப்பேர் அவள் கட்சிக்குப் போய்விட்டார்கள். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் தங்கள் அடுக்குமாடியின் மேல்தொட்டி இப்படித்தான் ஒழுகுகிறது, அசோசியேஷனில் யாரும் கண்டுகொள்வதில்லை என்று ஆரம்பித்து கிண்டிவரை நிறுத்தவில்லை. நான் விடையைச் சொல்லிப் பார்த்தேன். என் விடையை யாரும் சட்டை செய்யவில்லை.

அருள்மேரிதான் புத்தகத்தை எடுத்து மெதுவாகப் படித்தாள். "ஓட்டையை அடைக்கலாமான்னு கேக்கலை. எப்ப நிரம்பும்னுதான் கேட்டிருக்கு. ட்ரிப் ஏறுது, யூரினும் போகுது. ரெண்டையும் சேர்த்துத்தானே சார்ட்ல எழுதறோம்?"

துர்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. "ஓ... உள்ள வர்றதுல வெளிய போறத கழிச்சா மிச்சம் நிக்கிறதுதான் தொட்டி! அவ்ளோதானா?" என்று கத்தினாள். எழும்பூரில் இறங்கும்போது ஓட்டைத் தொட்டியை நிரப்பிவிட்டாள். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே விடையைச் சொன்னாள். சரியான விடை. நான் முன்பே சொன்ன விடை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு தினமும் ஒரு கணக்கு. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பயணம் வாய்த்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எரிச்சலாக இருக்கும். ஒரு மனிதன் கோபுரத்திலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நின்று அதன் உச்சியைப் பார்க்கிறான் என்று ஒரு கணக்கு வந்தால், "அவனுக்கு ஆபீஸ் இல்லியா?" என்பாள் லோகநாயகி. பையில் நீலப் பந்தும் பச்சைப் பந்தும் இருந்தால், "கைய உட்டா எது வரும்னு எவன் கண்டான்? நீ எப்படிப் பின்னத்துல சொல்ற?" என்று என்னோடு மல்லுக்கு நிற்பாள். பகடை உருட்டினால் ஆறு மட்டும் அபூர்வமாகத்தான் விழும் என்று இன்றுவரை சாதிக்கிறாள். சின்ன வயதில் தாயம் விளையாடித் தோற்ற ஆத்திரம். அதில் அவள் சொல்வது சுத்தத் தப்பு. ஆனால் அவள் தப்பு என்று நிரூபிக்கப் போய்த்தான் துர்காவுக்கு நிகழ்தகவு புரிந்தது.

அந்த ரயில் கணக்கைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. முந்நூறு கிலோமீட்டர் போகிற ஒரு ரயில் சீரான வேகத்தில் போகிறது; பத்து கிலோமீட்டர் கூட்டியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருக்கும்; வேகம் என்ன?

"சீரான வேகமா?" என்று பெட்டியே சிரித்தது. அப்போது எங்கள் ரயில் பல்லாவரத்துக்கு முன்னால் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது.

துர்கா இருபடிச் சமன்பாடு வரைக்கும் வந்துவிட்டாள். விடை இரண்டு வந்தது: ஐம்பது, இல்லாவிட்டால் மைனஸ் அறுபது.

"மைனஸ் அறுபதுன்னா இன்னா?" என்றாள் லோகநாயகி.

"அதை விட்டுடணும். அது ஒத்துவராது" என்றேன்.

"ஏன் உடணும்? கணக்குலதான வந்துச்சு?"

கல்லூரியில் விடு என்றார்கள், விட்டேன். மூன்று வருடம் படித்தும் ஏன் என்று நான் கேட்டதில்லை. இவள் டிஃபன் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

துர்கா வாய்விட்டு யோசித்தாள். "வண்டி பின்னாடி போவுதுன்னு வெச்சிக்கலாமா? பின்னாடி போனா ஊரு வராது. ஊருக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னுதான் கேள்வியிலயே போட்டிருக்கான். அப்போ கணக்குக்கு ரெண்டும் ஓகே, கேள்விக்கு ஒண்ணுதான் ஓகே." நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "கரெக்டா அக்கா?"

கரெக்ட். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சிக்னல் விழுந்து ரயில் கிளம்பியது. பெட்டியில் யாரோ கைதட்டினார்கள், ரயில் கிளம்பியதற்கா கணக்குக்கா என்று தெரியவில்லை.

இப்படிக் கைதட்டு வாங்கியவள்தான் தேர்வு அறையில் போய் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள், இரண்டாவது முறையும்.

"ஹால்ல உக்காந்தா ஒண்ணுமே வரலக்கா" என்று அழுதாள். "கேள்விய பார்க்கறேன். அது என்னைப் பார்க்குது. உதட்ட அசைச்சா அங்க சூப்பர்வைசரா நிக்கற தம்பி வந்து டெஸ்க்கத் தட்டுது. 'பேசாம எழுதுங்கம்மா'ன்னுது. பேசாம எப்படிக்கா எழுதறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கு தெரியாததல்ல அவள் கோளாறு. ரயிலில் அவள் ஒரு வரி சொல்வாள், அருள்மேரி கேள்வியை மறுபடி படிக்கச் சொல்வாள், நான் ஒரு வழியைக் கையில் திணிப்பேன், லோகநாயகி அதைச் சந்தேகப்படுவாள், இந்த இரைச்சலுக்கு நடுவில் கணக்கு முடிந்துவிடும். தேர்வு அறையில் இரைச்சல் இல்லை. நாங்கள் இல்லை. அவள் யோசனையில் முக்கால்வாசி எங்கள் மூன்று பேர் வாயில் இருந்தது. அதை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு அவரவர் ஆபீஸுக்குப் போய்விட்டோம்.

ஆகவே பயிற்சி ஆரம்பித்தோம். என் யோசனைதான். பல்லாவரத்திலிருந்து கிண்டிவரை யாரும் பேசக்கூடாது, துர்கா மனசுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும்.

முதல் நாள் மீனம்பாக்கம் வரும் முன்பே லோகநாயகி, "இன்னா ஆச்சு, வந்துச்சா?" என்றாள். மறுநாள் வாயில் பாக்கு போட்டுக்கொண்டு வந்தாள், அப்படியும் கண்ணால் கேட்டாள். துர்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தும்மலை அடக்குகிறவள் மாதிரி முகம் சிவந்து, கன்னம் உப்பி, உட்கார்ந்திருப்பாள். புதிதாக ஏறிய ஒரு பெண் பயந்துபோய், "அக்காவுக்கு ஃபிட்ஸ் வருதா? சாவி இருக்கா யார்கிட்டயாவது?" என்று கேட்டு, கொத்துச் சாவியை அவள் கையில் திணித்துவிட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். துர்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதே கண்ணீரோடு, "எனக்கு வராதுக்கா. குமரேசனே உக்காரட்டும்" என்றாள்.

அருள்மேரி மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "ராத்திரி வீட்டுல சமைக்கும்போது உப்பு போட்டியா இல்லையான்னு சந்தேகம் வந்தா என்ன செய்வே?"

"லோகு அக்கா இருந்தா நாக்குல வெச்சுப் பாருன்னு சொல்லும்னு நெனச்சுப்பேன். நாக்குல வெச்சுப் பார்ப்பேன்."

"அப்ப லோகு உன் வீட்டுலயா இருக்கா?"

துர்கா வாயைத் திறந்தவள் மூடினாள். அவள் பேசாமல் யோசித்ததை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. எழும்பூர்வரை யோசித்தாள்.

தேர்வு குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில். அன்று நான் ரயிலில் ஏறியபோது என் இடத்தில் பாட்டில் இல்லை. துர்காவே இல்லாததால் யாருக்கும் இடம் இல்லை. மூன்று பேரும் நின்றுகொண்டே போனோம். குரோம்பேட்டை தாண்டும்போது லோகநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் பார்த்து, "கேள்விய ரெண்டு வாட்டி படிடி" என்று சத்தமாகச் சொன்னாள். அது அருள்மேரி சொல்ல வேண்டிய வசனம். பதற்றத்தில் மாறிவிட்டது.

அடுத்த நாள் எங்கள் இடங்கள் எங்களுக்குக் கிடைத்தன. நான் சானடோரியத்தில் ஏறுவதற்குள்ளேயே கதை பாதி ஓடிவிட்டிருந்தது. எனக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பெஞ்சுக்கு ஒரு ஆளுக்கா. அவ்ளோ நீள பெஞ்சுல நான் ஒருத்தி. அப்பால இன்னா பண்ணேன், கர்சீப்ப எடுத்துப் பக்கத்துல போட்டேன். அந்தாண்ட ஸ்கேல வெச்சேன். இந்தாண்ட பாட்டில வெச்சேன்."

"இடம் பிடிச்சியா?" என்றேன்.

"ஆமா. கர்சீப்பு அருள்மேரி அக்கா, ஸ்கேலு லோகு அக்கா, பாட்டிலு நீங்க. டிஃபன் பைய உள்ள உடல, அதான் ஸ்கேலு."

"என்னை ஸ்கேல் ஆக்கிட்டியே!" என்று லோகநாயகி தன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

முதல் கேள்வி ஐஸ்கிரீம் கூம்பின் கன அளவு; அதைப் படித்ததும் கர்சீப் பக்கத்திலிருந்து, "மறுபடி படி" என்று கேட்டதாம். படித்திருக்கிறாள். பாட்டில் பக்கத்திலிருந்து, "சூத்திரத்தைப் போடு, என்ன பார்த்துக்கிட்டிருக்கே!" என்று அதட்டல். போட்டிருக்கிறாள். விடை வந்ததும் ஸ்கேல், "இம்மாம் பெரிய கூம்பா? ஐஸ்கிரீம் கடைக்காரன் திவாலாயிடுவான்" என்று சந்தேகப்பட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போயிருக்கிறது. உதடு அசையவே இல்லை. அந்தக் கண்காணிப்பாளர் தம்பி ஒருமுறைகூட டெஸ்க்கைத் தட்டவில்லை.

நடுவில் பறக்கும் படை வந்திருக்கிறது. அதில் ஒரு அம்மாள் கர்சீப்பைக் கண்டதும் நேராக துர்காவிடம் வந்தார். எடுத்து உதறினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை.

"எதுக்கு இதை இங்க விரிச்சு வெச்சிருக்கீங்க?"

துர்காவுக்குப் பொய் வரவில்லை. "இடம் போட்டு வெச்சிருக்கேன் மேடம்."

"யாருக்கு?"

"அருள்மேரி அக்காவுக்கு."

அறையே திரும்பிப் பார்த்ததாம். அந்த அம்மாள் துர்காவை ஒரு பார்வை, பாட்டிலை ஒரு பார்வை, ஸ்கேலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கர்சீப்பை மடித்து இருந்த இடத்திலேயே வைத்து, "நானும் சிங்கப்பெருமாள்கோவில்ல இருந்து ட்ரெயின்லதான் வரேன். எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எந்தப் பெட்டியில் வருகிறார் என்று நாங்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசிக் கணக்கில்தான் சிக்கல். படகுக் கணக்கு. அசையாத தண்ணீரில் ஒரு படகு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போகும். முப்பத்தாறு கிலோமீட்டரை நீரோட்டத்தோடு போவதைவிட எதிர்த்துப் போக மூன்று மணி நேரம் கூடுதலாக ஆகிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன?

"நீங்க சட்டுனு 'எதிர்த்துப் போறதுக்குக் கூட்டு'ன்னு சொல்லிட்டீங்கக்கா."

"யாரு, நானா?" எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் அப்படிச் சொல்லவே மாட்டேன்! எதிர்த்துப் போனா கழிக்கணும், இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"சொன்னீங்கக்கா. அவசரத்துல."

"அவ சொல்லக்கூடியவதான்" என்றாள் லோகநாயகி.

"லோகு அக்கா, நீயும் ஒழுங்கா இல்ல. 'எதிர்த்து இன்னாத்துக்குப் போறான், பஸ்ல போக வேண்டியதுதான'ன்னு ஆரம்பிச்சுட்ட. அருள்மேரி அக்கா மறுபடி படி, மறுபடி படின்னு உயிர எடுக்குது. மூணு பேரும் பேஜார் பண்ணிகினு கீறீங்க. டைம் ஓடுது. அப்போதான், 'செத்த சும்மா இருங்களேன், நான் போடறேன்'னு ஒரு சத்தம்."

"யாரு?" என்றாள் அருள்மேரி.

"தெரியலக்கா. உங்க குரல் எதுவும் இல்ல. நீங்க மூணு பேரும் கப்சிப்னு ஆயிட்டீங்க." துர்கா குரலைத் தாழ்த்தினாள். "அப்பால எனக்கு எழும்பூர் ஸ்டேஷன் பாலம் ஞாபகம் வந்துச்சு. காலையில பாலம் காலியா கீதுன்னா நான் ஒரு ஸ்பீடுல நடப்பேன். சாயங்காலம் ஜனம் போற பக்கமாவே போனேன்னா என்னைத் தள்ளிகினு போயிடும், கால் தரையில படாது. எதிர்த்து வந்தேன்னா இடி வாங்கிகினு வரணும். நடக்கறது நான்தான், அதே காலுதான். கூட்டத்தோட ஸ்பீட ஒரு பக்கம் கூட்டணும், ஒரு பக்கம் கழிக்கணும். அவ்ளோதான படகு? எழுதிட்டேன். மூணு வந்துச்சு. இன்னொண்ணு மைனஸ் இருபத்தேழு வந்துச்சு, அது கேள்விக்கு ஓகே இல்லன்னு எழுதி அடிச்சுட்டேன்."

மூன்றுதான். நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், பிறகு தாளில் போட்டுப் பார்த்தேன், என்மேல் எனக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. லோகநாயகி, "ஆத்துக்கு மூணு கிலோமீட்டர் ஸ்பீடு... இருக்கும், இருக்கும்" என்று ருசி பார்த்துச் சொன்னாள். கிண்டி தாண்டுகிறவரை, யார் தலைக்குள் யார் என்ன சொன்னது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. நான் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டு என்று நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

முடிவு வந்த அன்று காலை நான் ஏறினால், என் இடத்தில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது. துர்கா என் இடத்தை விட்டுக்கொடுத்தாள் என்றால் உலகத்தில் ஏதோ நடந்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அருள்மேரி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், லோகநாயகி துர்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள், இருவர் முகமும் கண்ணீரில் நனைந்திருக்கிறது, யாரோ ஒருத்தி யாருக்கோ வாங்கிப்போன மைசூர்பாக்கைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐம்பத்தொன்னு!" என்று அருள்மேரி கத்தினாள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசாத அருள்மேரி.

முப்பத்தைந்து போதும். ஐம்பத்தொன்று! நானும் குதித்தேன். என் வயதில், புடவையில், ஓடும் ரயிலில் குதித்தேன். கிண்டியில் இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர் இறங்க மறந்துவிட்டார்கள். என் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "இது உங்க சீட்டா ஆன்ட்டி?" என்றாள். உட்காரும்மா, இன்றைக்கு யாருக்கு வேண்டும் சீட்டு என்றேன்.

ஆனால் ஒருத்திக்கு வேண்டியிருந்தது. எழுத்தர் ஓய்வு பெற்றார், உத்தரவு வந்தது, ஒரு திங்கட்கிழமை துர்கா பதிவறைக்குப் போனாள். மறுநாள் காலை அவள் முகத்தைப் பார்க்க நான் சானடோரியத்தில் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து நின்றேன். பாட்டில் தன் இடத்தில் இருந்தது. உட்கார்ந்ததும், "சொல்லு" என்றேன்.

"சேர் நல்லா கீதுக்கா. முதுகு சாயுது. ஒரு கை மட்டும் லொடலொடன்னு ஆடுது, அத கயித்தால கட்டிடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மணி அடிச்சுது." அவள் கை தானாகவே இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு இல்லக்கா அது. புதுசா வந்திருக்கற பையனுக்கு. ஆனா என் காலுக்கு அது தெரியல. பாதி எழுந்துட்டேன். நிக்கவும் இல்ல, உக்காரவும் இல்ல. நீங்க யாராவது ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அருள்மேரி அக்கா ஒண்ணும் சொல்லல. லோகு அக்கா ஒண்ணும் சொல்லல. நீங்களும் சொல்லல."

குரோம்பேட்டை வந்து போனது.

"அன்னிக்குப் படகுக் கணக்குல ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன் இல்ல? அதே சத்தம். 'உக்காரு துர்கா, அது உனக்கு இல்ல'ன்னு."

"யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று அருள்மேரி கேட்டாள்.

"தெரியாம இன்னா? செக்‌ஷன்ல எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தாங்க" என்றாள் துர்கா. "வாய்விட்டுச் சொல்லிட்டேன்க்கா. சொல்லிட்டு உக்காந்துட்டேன்."